ஜி.பி.எஸ். மினுக்கத்துக்கு எந்தப் பரவல் பொருந்தும்?

காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டின் மேலாகப் போகிறது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற பகுதி) கலங்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டி இன்னும் மோசம். அதன் வழியே வரும் ஜி.பி.எஸ். அலை சிதறி, தன்னோடு தானே குறுக்கிட்டு, வலிமை ஏறி இறங்கும். இந்த மினுக்கத்துக்குப் பரவல் (எந்த வலிமை எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் புள்ளியியல் வடிவம்) பொருத்துகிறவர்களுக்கு என் வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில் தரவைச் சுத்தம் செய்யுங்கள். நொடிக்கு 50 அளவீடு வேண்டும். டெசிபலில் இருந்தால் நேர்விகித எண்ணாக மாற்றாமல் சராசரி எடுக்காதீர்கள். அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குக் கீழே நிற்கும் செயற்கைக்கோள்களை விட்டுவிடலாம். ஆட்டம் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக, அதே வடிவில் வருகிறதா? அது அயனி மண்டலம் இல்லை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பும் அலை. செயற்கைக்கோளின் சுற்று அப்படி.

மெதுவான ஏற்ற இறக்கத்தை வடிகட்டியால் நீக்கிவிட்டு, ஒரு நிமிடத் துண்டில் செறிவின் (சமிக்ஞை வலிமையின்) திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுங்கள். அதுதான் எஸ்4, மினுக்கத்தின் அளவு. இரைச்சல் அடர்த்தியோடு ஒப்பிட்டால் சமிக்ஞை 40 டெசிபல்-ஹெர்ட்ஸ் என்றால் வெறும் இரைச்சலே சுமார் 0.1 காட்டும், அதை வர்க்கத்தில் கழிக்க வேண்டும்.

இனித்தான் உண்மையான வேலை. எஸ்4 0.2 என்றால் எந்தப் பரவலும் ஏறக்குறைய ஒத்துவரும், அங்கே சண்டை வேண்டாம். 0.5-க்கு வாருங்கள். செறிவு சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழும் வாய்ப்பு நாககாமி பரவலில் 10,000-க்கு 8. பழக்கதோஷத்தில் பலர் போடும் லாக்-நார்மலில் அது பத்து லட்சத்துக்கு 2! எஸ்4 ஒன்றுதான், வித்தியாசமோ நானூறு மடங்கு. ரிசீவர் பிடி நழுவுவது இந்த ஆழமான சரிவுகளில்தான். அதனால் நான் நாககாமி பக்கம்.

அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் எம் மதிப்பு, எஸ்4-இன் வர்க்கத்தின் தலைகீழ்: 0.5-க்கு 4, 1-க்கு 1, அதாவது சிதறல் மட்டுமே உள்ள ரேலே பரவல். அப்போது 10,000-க்கு 8 என்றது 950 ஆகிவிடும். நிலையான கதிரும் சிதறலும் சேர்ந்தது என்ற ரைஸ் பரவலுக்கு இயற்பியல் விளக்கம் அழகு. ஆனால் எஸ்4 1-ஐத் தாண்ட அது விடாது. அலை குவிந்து தாண்டும் இரவுகள் உண்டு. நாககாமி 1.4 வரை தாங்கும்.

பொருத்தத்தைச் சோதிக்கக் கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையின் பி-மதிப்பை நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 3000 புள்ளி இருந்தாலும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை; அந்தச் சோதனையோ சாராத புள்ளிகளுக்கானது. ஒரு நொடிக்கு ஒருமுறைதான் நிலைமை மாறுகிறது என்றால், கையில் இருப்பது அறுபதுதான். திரள் நிகழ்தகவை (ஒரு மதிப்புக்குக் கீழே விழும் வாய்ப்பை) மடக்கை அளவில் வரைந்து, ஆழமான சரிவுகள் இருக்கும் இடது ஓரத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஒரு நிமிடத்தில் அந்த ஓரம் நிரம்பாது, பல நிமிடங்களைச் சேர்க்க வேண்டிவரும். சேர்க்கும்போது எஸ்4-ஐ 0.1 அகலப் பெட்டிகளாகப் பிரியுங்கள். 0.3-ஐயும் 0.9-ஐயும் ஒன்றாகக் கொட்டினால் எந்தப் பரவலும் ஒட்டாது.