மலை ஏறியதும் அணைந்துபோகும் ஆர்.வி. ஃபிரிட்ஜ்: என் அனுபவம்

கலிஃபோர்னியாவில் டாஹோ ஏரி சுமார் 6,225 அடி உயரம். டியோகா கணவாய் 9,943 அடி. அந்தப் பக்கம் ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) ஏறினால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் தகராறு செய்யும். 5,500 அடிக்கு மேல் 120 வோல்ட் மின்சாரத்தில் ஓட்டச் சொல்லிப் பல கையேடுகளிலேயே இருக்கிறது. காற்று மெலிவதால் கேஸ் சரியாக எரியாது. நீலச் சுடர் மஞ்சளாகி, கரி படிந்து, கடைசியில் அணைந்துவிடும்.

எங்களுக்கும் அதுதான் ஆனது. நாய்க்கு வைத்திருந்த கோழி இறைச்சிதான் முதல் கவலை.

கேஸை மூடி, பர்னர் ஆறியதும் வெளிப்பக்க மூடியைக் கழற்றினோம். பர்னர் குழாயின் பிளவுகளில் துருத்தூளும் சிலந்தி வலையும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, காற்றால் ஊதினோம். ஜெட்டை (கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள முனை) ரப்பிங் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தானாக உலரவிட்டோம். அதில் ஊசி, கம்பி எதையும் விடவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடர் கெட்டுவிடும். மாட்டியபின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு.

சுடர் மறுபடி நீலமாக நின்றது. ஆனாலும் உயரத்தில் மின்சாரம்தான் நம்பகம். ஆனால் டியோகா பக்கமுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. அனுமதித்த நேரத்தில் ஜெனரேட்டர் போட்டு, ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். வண்டி சமமாக நிற்கட்டும். இறைச்சி 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 2 மணி நேரம் இருந்துவிட்டால் நாய்க்கும் போடாதீர்கள்.