இரண்டு குவாண்டம் புள்ளிகளின் வழியே எலக்ட்ரான்: குறுக்கீட்டு விளைவைப் பைத்தானில் கணக்கிடும் முறை

ஒரு வளையத்தின் இரு கிளைகளிலும் தலா ஒரு குவாண்டம் புள்ளியை (எலக்ட்ரானைச் சிறைப்படுத்தும் மிகச் சிறிய பகுதி) வைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் மின்வாய்களை இணைத்தால், எலக்ட்ரானுக்கு இரண்டு பாதைகள் கிடைக்கின்றன. அப்பாதைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துமா, அழிக்குமா என்பது புள்ளிகளின் ஆற்றல் மட்டங்களையும் வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்பாயத்தையும் பொறுத்தது. இங்கே நாம் கணக்கிடப்போவது, எலக்ட்ரான் மறுபுறம் சென்றடையும் நிகழ்தகவை; எலக்ட்ரானின் ஆற்றலை மாற்றிக்கொண்டே போய் அதை வரைபடமாக்குவோம். எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கு விசையைக் கணக்கில் கொள்ளவில்லை.

கருவியைப் பொறுத்தவரை, பைத்தானின் அணிக் கணக்குத் தொகுப்பான நம்பை (NumPy) ஒன்றே போதும். குவாண்டம் கடத்தலைக் கணக்கிடும் க்வாண்ட் (Kwant) தொகுப்பு பெரிய அமைப்புகளுக்கு மிகச் சிறந்ததுதான். ஆனால் இரண்டே புள்ளிகள் உள்ள கணக்கில், ஒவ்வோர் அணியையும் கையால் எழுதிக் கண்ணால் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 1. ஒரு புள்ளிக்கும் ஒரு மின்வாய்க்கும் உள்ள பிணைப்பு வலிமையான காமாவை 1 என்று வைத்து, எல்லா ஆற்றல்களையும் அதன் மடங்குகளாக எழுதுங்கள். புள்ளிகளின் ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டோனியன் ஒரு 2×2 அணி: மூலைவிட்டத்தில் −1, +1 என்ற மட்டங்கள், மற்ற இடங்களில் பூச்சியம்.

படி 2. குறுக்கீட்டு விளைவு முழுவதும் குடியிருப்பது இந்தப் படியில்தான். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுவே. ஒவ்வொரு மின்வாய்க்கும் ஒரு காமா அணி வேண்டும். மூலைவிட்டத்தில் 1, 1 என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால், ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று தனி மின்வாய் வைத்திருப்பதாகவே கணினி புரிந்துகொள்ளும். காந்தப்பாயத்தை எவ்வளவு மாற்றினாலும் வரைபடம் அசையாது. இரு புள்ளிகளும் ஒரே மின்வாயைப் பகிர்ந்துகொள்வதால், மூலைவிட்டத்துக்கு வெளியேயும் உறுப்புகள் உண்டு. இட மின்வாயின் அணியில் மேல் வலது உறுப்பு, காந்தப்பாயம் தரும் ஃபை என்ற கட்டக்கோணத்தில் பாதியைக் கொண்ட கலப்பெண் அடுக்கு, அதாவது np.exp(1j*phi/2); கீழ் இடது உறுப்பு அதன் இணையெண். வல மின்வாய்க்கு இவ்விரண்டும் இடம் மாறும். வளையத்தின் காந்தப்பாயம் 4.14×10⁻¹⁵ வெபர் கூடும்போதெல்லாம் ஃபை ஒரு முழுச் சுற்று சுற்றும்.

படி 3. இரு காமா அணிகளையும் கூட்டி, கற்பனை அலகால் பெருக்கி, பாதியாக்கி, எலக்ட்ரானின் ஆற்றலால் பெருக்கிய அலகு அணியிலிருந்து ஹாமில்டோனியனைக் கழித்து வந்ததோடு கூட்டுங்கள். அதன் நேர்மாறே, எலக்ட்ரான் புள்ளிகளின் வழியே பரவுவதை விவரிக்கும் கிரீன் சார்பு.

படி 4. இடக் காமா, கிரீன் சார்பு, வலக் காமா, கிரீன் சார்பின் இணை நிரைநிரல் மாற்று (.conj().T) ஆகிய நான்கையும் இதே வரிசையில் அணிப் பெருக்கலாகப் பெருக்கி, மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் நிகழ்தகவு கிடைக்கும். நம்பையில் உடுக்குறி (*) உறுப்புக்கு உறுப்பாகப் பெருக்கும் என்பதால் இங்கே @ குறியையே பயன்படுத்த வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. ஆற்றல் பூச்சியத்தில், ஃபை பூச்சியமானால் விடை 0; ஃபை 180 பாகையானால் விடை 1. அடுத்து, ஃபையின் குறியை மாற்றிப் பாருங்கள்: வரைபடம் மாறக்கூடாது. இரு மின்வாய் அமைப்புகளுக்கே உரிய இந்தச் சமச்சீரால்தான், 1995இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் யாக்கபி, ஹைப்ளம் குழுவினர் ஒரு கிளையில் குவாண்டம் புள்ளி கொண்ட வளையத்தை அளந்தபோது, காந்தப்பாயத்தோடு மின்னோட்டம் ஏறி இறங்கும் அலைவுகளின் கட்டம் படிப்படியாக நகராமல் 180 பாகை தாவுவதை மட்டுமே காண முடிந்தது.

பின்சேர்க்கை: இரு மட்டங்களையும் சமமாக்கி, ஃபையைப் பூச்சியமாக்கினால் நேர்மாறு காண முடியவில்லை என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். உங்கள் நிரலில் பிழையில்லை. அந்நிலையில் இரு புள்ளிகளின் எதிர்ச்சமச்சீர்க் கலவை எந்த மின்வாயோடும் ஒட்டாமல் தனித்துப் போகிறது. ஆற்றல் அதன் மட்டத்தைத் தொடும்போது அணி பூச்சியக்கோவை அணியாகிவிடுகிறது. போலி நேர்மாறு கொண்டு இதை மூடி மறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மட்டங்களை −0.1, +0.1 எனச் சற்றே விலக்கினால், நடுவே குறுகிய பள்ளம் ஒன்று தோன்றும். அதன் அகலம் ஏறத்தாழ 0.01 மட்டுமே என்பதால், ஆற்றல் புள்ளிகளின் இடைவெளியை 0.001 அல்லது அதற்கும் குறைவாக வைத்தால்தான் அது முழு வடிவில் தெரியும்.