கொல்லையில் வருஷம் முழுக்கக் காய் பறிக்க: திட்டத்தை ஐப்பசியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆடிப்பட்டத்தை வைத்தே யோசிக்கிறார்கள். ஆடியில் விதைத்தது நன்றாகத்தான் வரும். புரட்டாசியில் வெண்டையும் கொத்தவரையும் தின்று மாளாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். ஐப்பசி அடைமழை பிடித்ததும் பாதிச் செடி அழுகிவிடும். கார்த்திகையில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் காய் விலை கையைச் சுடும்.

டெல்டாவில் கொல்லை காலியாகக் கிடக்கும் காலம் இரண்டுதான்: மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசி. இந்த நாலு மாதமும் தட்டில் என்ன இருக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எட்டு மாதத்துக்குப் பெரிய திட்டமே வேண்டாம். நான் செய்வது மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில், சுமார் 2 சென்ட் கொல்லையில், நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு. விதை ஊன்றுவது, நாற்றுப் பறித்து நடுவது எல்லாம் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

1. வீட்டில் என்ன தின்கிறார்கள் என்று எழுதுங்கள்

தமிழ் மாதம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று போதும். வாரத்தில் எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் சாம்பாருக்குக் காய், பொரியலுக்கு எது என்று அதில் குறித்துவிடுங்கள். வீட்டில் யாரும் தொடாத காயை விதை கிடைத்ததே என்று போட வேண்டாம். இடம்தான் இங்கே விலை உயர்ந்தது.

2. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். தோட்டம் பிழைப்பதும் போவதும் இங்கேதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் பக்கத்து வருஷ மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். நம் களிமண்ணோ தண்ணீரை லேசில் விடாது. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. கத்தரி, மிளகாய், தக்காளியெல்லாம் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே துவண்டுவிடும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை வாடித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினால் செடி போச்சு. இலை வாடினால் முதலில் வேரடி மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்.

கோடை மழை ஒன்று பெய்ததும் கொல்லைக்குப் போய், தண்ணீர் தேங்கிய இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மழைக்குக் காத்திருக்க முடியாதென்றால், கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை ஒவ்வொரு இடத்திலும் அளந்தால், அளவு எங்கே கூடுகிறதோ அதுதான் பள்ளம்.

அப்புறம் மேட்டுப்பாத்தி. அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று கை எட்டவேண்டும். உயரம் 1 முதல் 1½ அடி. பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி அகலத்தில் வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணையே பாத்தி மேல் போடுங்கள். வாய்க்காலுக்கு 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுத்து எல்லாவற்றையும் பள்ளமான மூலைக்குக் கொண்டுபோங்கள். அந்த மூலையை மண் கொட்டி உயர்த்தப் பார்க்காதீர்கள். அங்கே சேப்பங்கிழங்கும் வள்ளைக்கீரையும் போடுங்கள், இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும். மிஞ்சுகிற தண்ணீர் அங்கிருந்து வெளியே வடிய ஒரு வழி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

பாத்தி எடுக்க நல்ல நேரம் வைகாசி, ஆனி. மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அதுதான் பதம். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் கட்டிகட்டியாகிக் காய்ந்து இறுகும், பிறகு உடைப்பது பெரும்பாடு. மக்கிய மாட்டெருவும் ரைஸ்மில்லில் கிடைக்கும் கருகிய உமியும் நிறையக் கலந்துவிடுங்கள். பச்சை உமியானால் எருக்குழியில் போட்டு மக்கவிட்டுத்தான் எடுக்கவேண்டும். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் மணல் களிமண்ணை இளக்காது. வேண்டிய அளவு கொட்டுவதென்றால் ஆற்றுக்குத்தான் கேடு.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண், மணற்பாங்கு உள்ளவர்களுக்கு இவ்வளவு உயரம் தேவையில்லை. அரை அடி போதும்.

3. மழை மாதத்துக்கு

பந்தல் அவரைதான் இதற்கு முதல் ஆள். பகல் பொழுது குறையும்போது பூக்கிற கொடி அது. ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்துத் தை வரை காய்க்கும். தையில் ஊன்றினால் கொடிதான் ஓடும், காய்க்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். பந்தலைக் கொல்லையின் வடக்கு ஓரத்தில் போடுங்கள். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் மற்றப் பாத்திகளில் நிழல் விழாது. சவுக்குக் கழியை 2 அடி ஆழத்துக்கு நட்டுத் தட்டி இறுக்குங்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது 2018 நவம்பர் 16. அவரை பூக்கும் பருவமும் புயல் வரும் பருவமும் ஒன்றுதான்.

மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்திலும் பூங்கொத்திலும் அசுவினி அடையும். கறுப்பாக, காம்பே தெரியாமல் அப்பிக்கொண்டிருக்கும். விடிந்ததும் பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டி மேலே தட்டுங்கள். ஈரத்தில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறியபின் தூவினால் காற்றோடு போய்விடும்.

சேப்பங்கிழங்கைச் சித்திரையில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் தோண்டலாம். சேனையும் அதே சமயம்தான் நடவேண்டும், அது தைப்பொங்கலுக்கு வரும். பரங்கியை வைகாசியில் போட்டால் புரட்டாசிக்குள் முற்றிவிடும். காம்போடு அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரணில் வைத்தால் மழைக்காலம் முழுக்கச் சாம்பாருக்கு ஆகும். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள், அது அழுகும்.

வத்தலையும் திட்டத்தில் சேருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் போடும் கொத்தவரை வத்தலும் சுண்டை வத்தலும் கார்த்திகைக்கான விளைச்சல்தான். நம் பாட்டிகள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது இப்படித்தான். மோரில் ஊறவைத்துக் காயவைக்கும் அந்த வேலையையும் காலண்டரில் எழுதுங்கள்.

முருங்கையைப் புரட்டாசிக்குள் 4 அடி உயரத்தில் கழித்துவிடுங்கள். கிளை லேசில் ஒடியும், காற்றுக்கு நிற்காது.

4. சித்திரைக்கு

இது சுலபம். கொத்தவரை, காராமணி, வெண்டை, தண்டுக்கீரை, வெள்ளரி எல்லாம் வெயில் தாங்கும். மாசியில் விதைத்துவிடுங்கள். முருங்கைக்காய்க்கும் அதுவே பருவம். தக்காளியை மட்டும் அந்த வெயிலில் எதிர்பார்க்காதீர்கள். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். கார்த்திகைக் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் நன்றாகக் காய்க்கும். வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி மூடினால் களிமண் வெடிக்காது, தண்ணீரும் மிச்சம்.

5. முதல் பூ, அடுத்த விதை

வெண்டை சுமார் 45 நாளில் காய்க்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒன்றரை மாதம் பறிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் ஒரே நாளில் ஓயும். 10 செடி போடுங்கள், முதல் பூ பார்த்த அன்றே அடுத்த 10 விதையை வேறு பாத்தியில் ஊன்றுங்கள். கொத்தவரைக்கும் இதே வழி. கீரைப் பாத்தியை நாலாகப் பிரித்து வாரம் ஒரு பங்கு விதைத்தால், நாலாவது பங்கை விதைக்கும்போது முதல் பங்கில் முளைக்கீரை பறிப்புக்கு வந்திருக்கும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்பதால் தனி இடம். கத்தரியில் 8 செடி போதும். ஒரு பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி முடிந்தால் அடுத்து அதே இனம் வேண்டாம், பயறு வகை போடுங்கள்.

கருவிகள்

மம்பட்டி, களைக்கொத்து, பூவாளி. இவ்வளவுதான். குழாயைப் பிடித்துப் பீய்ச்சுவது எனக்குப் பிடிக்காது. விதை மண்ணோடு அடித்துப்போகும், களிமண் மேலே ஓடு கட்டும். பூவாளியின் தூறல் விழுந்தால் மண் இளக்கமாகவே இருக்கும். தரை இருக்கிறவர்கள் செடி வளர்க்கும் பைகளில் காசு போடவேண்டாம். நாற்றுக்குக் கொட்டாங்குச்சி நன்றாக இருக்கிறது, அடியில் கண்ணைத் துளைத்தால் போதும்.

பின்சேர்க்கை

நாகப்பட்டினம் பக்கத்து அக்கா ஒருவர் தங்கள் குழாய்த் தண்ணீர் உப்பு, அவரையும் பயறும் கருகுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவரை, பயறு வகைகளுக்கு உப்பு ஆகாதுதான். மழைத் தண்ணீர் இருக்கும் மாதங்களோடு அவற்றை நிறுத்திக்கொள்ளுங்கள் அக்கா. ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டுப்பாத்தியில் இறங்கி உப்பைக் கழுவி வாய்க்காலுக்குக் கொண்டுபோகும். அதனால் தைப்பட்டத்தில்தான் உங்கள் மண் வருஷத்திலேயே நன்றாக இருக்கும், கத்தரி நாற்றை அப்போது நடுங்கள். கோடையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், விடும்போது பாத்தி நனைந்து வடியும்படி விடுங்கள். மேலாக நனைத்துக் காயவிட்டால் உப்பு மேலே பூத்துவிடும்.