உறைநில ஓடைகளின் கார்பனைத் தவறாகப் படிக்காமல் இருக்க

சைபீரியாவின் கோலிமா ஆறு கடலில் சேரும் இடத்தில் நீரை அள்ளி, அதில் கரைந்திருக்கும் கரிமக் கார்பனின் (செடிகொடி, உயிரிகளிலிருந்து வந்த கார்பன்) வயதை கார்பன்-14 முறையில் பார்த்தால், பெரும்பாலும் அது இளையதாகவே இருக்கும். உடனே ‘உறைநிலத்தின், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்ணின், பழைய கார்பன் இன்னும் வெளியே வரவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

பழைய கார்பன் வராமல் இல்லை. வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. அதே கோலிமா கரையில் துவான்னி யார் என்ற இடத்தில், யெடோமா எனப்படும் பனி மிகுந்த பனியுகக் காலத்து வண்டல் உருகி சின்ன ஓடைகளாக வழிகிறது. அந்த நீரில் கரைந்த கரிமக் கார்பனின் வயது பல்லாயிரம் ஆண்டுகள். ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் இரண்டே வாரத்தில் தின்றுவிடுவதாகச் சோதனைகள் காட்டின. மிச்சமிருப்பதும் பெரிய ஆற்றில் நேற்றைய செடிகொடிகளிலிருந்து வந்த கார்பனோடு கலந்து அடையாளம் இழந்துவிடும். ஆகவே முகத்துவாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, உருகும் இடத்திலேயே தொடங்கும் சின்ன ஓடைகளுக்குப் போக வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது: ‘பழையது என்றால் நுண்ணுயிர்களுக்குச் செரிக்காதது.’ சாதாரண மண்ணில் இது ஓரளவு சரி. அங்கே எளிதில் மட்குவதெல்லாம் முதலிலேயே மட்கிவிடும், கடினமானதே மிஞ்சும். உறைந்த மண்ணிலோ அந்த வேலை பாதியில் நின்றுபோனது. அசிட்டேட் போன்ற சிறிய மூலக்கூறுகள் அப்படியே தங்கியிருக்கின்றன. உருகியதும் நுண்ணுயிர்கள் முதலில் பாய்வது அவற்றின் மேல்தான்.

சரி, யெடோமாவில் கண்டதை எல்லா உறைநிலத்துக்கும் பொருத்தலாமா? கூடாது. கனடாவின் பீல் பீடபூமியில் உறைநிலச் சரிவுகள் ஓடையில் சேறாகக் கொட்டுகின்றன. அங்கே கார்பனில் பெரும்பகுதி கரைந்த வடிவில் இல்லை, மண்துகளோடு ஒட்டிய வடிவில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு செரிக்கக் கடினம். கரையாமல் படுகையில் படிந்து மறுபடி புதையவும் கூடும். போதாக்குறைக்கு, சல்பைடு கனிமங்கள் காற்றுப் பட்டு சல்பூரிக் அமிலமாகி, சுண்ணாம்புக் கனிமங்களைக் கரைத்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. கரிமக் கார்பனை நுண்ணுயிர்கள் தின்பதால் வருவதல்ல இது. ஓடையில் கார்பன் டை ஆக்சைடு கூடினாலே ‘நுண்ணுயிர் வேலை’ என்று எழுதுபவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். அலாஸ்காவின் யூக்கான் ஆற்றிலோ வேறு கதை: உறைநிலம் உருக உருக நீர் ஆழமாக இறங்கி, கனிம மண்ணில் கார்பனைப் பறிகொடுத்துவிட்டு வருகிறது. உருகினால் கரைந்த கார்பன் கூடியே தீரும் என்ற கணக்கு அங்கே உதவாது.

வெயிலை மறப்பதும் வழக்கமான பிழை. நுண்ணுயிர்கள் கார்பனைத் தின்னும் வேகத்தை அறிய, நீரை இருட்டில், அறை வெப்பத்தில், குப்பியில் வைத்துச் செய்யும் சோதனை ஓர் ஒப்பீட்டுக்கு நல்லதுதான், ஓடையின் வேகத்தைச் சொல்லாது. ஆர்க்டிக் கோடையில் சூரியன் கிட்டத்தட்ட மறைவதே இல்லை. அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதி ஆய்வுகளில், நீரில் உள்ள கரைந்த கார்பனை மாற்றுவதில் ஒளியின் பங்கு பாக்டீரியாவின் பங்கைவிடப் பெரிதாக இருந்தது. தவிர, குப்பியில் நீர் மட்டும்தான் வருகிறது. ஓடையின் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை கல்லின் மேல் வழவழப்பான படலமாகவும், படுகை மணலின் இடுக்கிலும் வாழ்பவை.

அப்புறம் பருவம். ஆய்வுக்குழுக்கள் வசதிப்படி ஜூலை, ஆகஸ்டில் போய் அளந்து, அதை ஆண்டு முழுவதற்கும் பெருக்குவது இன்னும் நடக்கிறது. ஆர்க்டிக் ஆறுகளில் ஆண்டின் கரைந்த கார்பனில் பெரும்பங்கு, மே, ஜூன் மாதப் பனி உருகல் வெள்ளத்தில் சில வாரங்களுக்குள் போய்விடுகிறது. பனிக்கட்டிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் கட்டி உடையும்போதுதான் வெளியேறுகின்றன. எனவே முதல் மாதிரியை, ஆற்றின் மேல் பனி இன்னும் கெட்டியாக இருக்கும்போதே துளையிட்டு எடுத்தாக வேண்டும்.