விண்டோஸோடு உபுண்டு: டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது?

512 ஜிபி எஸ்எஸ்டி என்றாலும் விண்டோஸில் 476 தான் காட்டும். கணக்கை அதிலிருந்து போடுங்கள். விண்டோஸுக்கு 200 ஜிபி, உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ரூட்டுக்கு, அதாவது அதன் சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் பகுதிக்கு, 60, மீதி இரண்டுக்கும் பொதுவான என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷன். ரூட்டுக்கு 25 போதும் என்பார்கள். ஸ்னாப் எனும் ஆப் தொகுப்புகளும் அப்டேட்டுகளில் மிஞ்சும் பழைய கெர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்தால் சீக்கிரமே மூச்சு முட்டும். ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) ஃபைலே போதும், தனி பார்ட்டிஷன் வேண்டாம்.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். பிறகு சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். பாதி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருங்கும் என்கிறதா? நகர்த்த முடியாத பேஜ் ஃபைலோ (விண்டோஸின் ஸ்வாப்) ஹைபர்னேஷன் ஃபைலோ (ரேமில் உள்ளதைச் சேமித்து வைக்கும் ஃபைல்) நடுவில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை முழுதாக மூடாமல் வைத்து வேகமாகத் திறக்கும் வசதி) மட்டும் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பொது பார்ட்டிஷனில் உபுண்டுவால் படிக்க முடியுமே தவிர எழுத முடியாமல் போகலாம்.