ப்ரூபப்பில் பீரை ருசி பார்ப்பது எப்படி? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரில் இந்திராநகர், ஒயிட்ஃபீல்டு பக்கம் போனால், அங்கேயே காய்ச்சி அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கும் ப்ரூபப்கள் நிறைய. ஐந்தாறு வகை பீர் எப்போதும் இருக்கும். பாட்டில் பீர் மாதிரி சில்லென்று மடமடவெனக் குடித்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். பீரின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. அதைப் பிடிக்கப் பெரிய கலைச்சொல் எதுவும் வேண்டாம், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி போதும்.

காரமாகச் சாப்பிட்டுவிட்டோ வெற்றிலை, சிகரெட் போட்டுவிட்டோ போகாதீர்கள். சென்ட் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. கூட்டம் குறைந்த வார நாள் சாயங்காலம் நல்லது. ஊற்றித் தருபவருக்குப் பேச நேரம் இருக்கும். எப்போது காய்ச்சிய பேச்ச், எத்தனை ஏபிவி (ஆல்கஹால் சதவீதம்) என்று அப்போதுதான் கேட்க முடியும்.

முழு கிளாஸ் வாங்காமல் 'சாம்ப்ளர்' கேளுங்கள். சின்ன கிளாஸ்களில் வகைக்கு ஒன்றாக வரும். அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆறு கிளாஸ், ஒவ்வொன்றும் 100 மில்லி என்றால் மொத்தம் 600 மில்லி, ஏறக்குறைய ஒரு பெரிய பாட்டில். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். சாவியை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோவில் வாருங்கள்.

குடிக்கும் வரிசை முக்கியம். பலர் நிறத்தைப் பார்த்து, கறுப்பு பீரைக் கடைசிக்கு ஒதுக்குவார்கள். அது தவறு. கறுப்பு பீரான ஐரிஷ் ஸ்டவுட்டின் கசப்பு 25 முதல் 45 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு), கசப்பு தூக்கலான அமெரிக்க ஐபிஏவோ 40 முதல் 70. ஐபிஏவை முதலில் குடித்தால் நாக்கில் கசப்பு தங்கிவிடும், அதன்பின் கோதுமை பீர் வெறும் தண்ணீர்தான். கோதுமை பீர், வெளிர் நிற பேல் ஏல், ஸ்டவுட், ஐபிஏ என்று போங்கள். ஆல்கஹால் எட்டு சதவீதம் தாண்டிய கனமான பீர் ஏதாவது இருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸ் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர் வாசனையை அமுக்கிவிடும். கோதுமை பீருக்கு 5–7 டிகிரி, பேல் ஏல், ஐபிஏ போன்ற ஏல்களுக்கு 8–10, ஸ்டவுட்டுக்கு 10–13 டிகிரி செல்சியஸ் சரி. குழாயிலிருந்து வருவது பெரும்பாலும் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். கிளாஸை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். வெயில் விழும் மேசையில் உட்காராதீர்கள். ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட பீரில் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே கந்தக வாடை கிளம்பும்.

முதலில் கிளாஸைப் பாருங்கள். உள்பக்கச் சுவரில் குமிழ்கள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருக்கிறது, அது நுரையையும் கொன்றுவிடும். வேறு கிளாஸில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கோதுமை பீர் அப்படித்தான் இருக்கும்.

இப்போது மோப்பம். கிளாஸை லேசாகச் சுழற்றி, இரண்டு மூன்று முறை குட்டியாக உறிஞ்சுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். ஜெர்மன் பாணி கோதுமை பீரான ஹெஃபவைஸனை மோந்தால் முதலில் நன்கு கனிந்த வாழைப்பழம் வரும், அதன் பின்னாலேயே கிராம்பு. பழமோ கிராம்போ அதில் போடுவதில்லை, இரண்டும் பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டின் வேலை. 'விட்' என்னும் பெல்ஜியன் கோதுமை பீரில் வரும் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் மட்டும் நிஜமாகவே போட்டவை. ஸ்டவுட்டின் காப்பிக்கொட்டை மணம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது.

பிறகு ஒரு வாய். நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். மோந்தபோது பிடிபடாத மணம் இதில் பிடிபடும். ஒயின் ருசி பார்ப்பவர்கள்போலத் துப்பினால் பாதிதான் தெரியும், ஹாப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகே முழுதாக ஏறும். ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் போதும். மசாலா வேர்க்கடலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறையையும் மூக்கே சொல்லும். குளிரில் நொதிக்கவைக்கும் லாகர் பீரில் தியேட்டர் பாப்கார்ன்போல வெண்ணெய் வாடை அடித்தால் அது டையசிட்டைல்: ஈஸ்ட் அதைத் திரும்ப உட்கொள்ளுமுன் பீரை அவசரமாக இறக்கிவிட்டார்கள், அல்லது குழாய்க்குள் பாக்டீரியா புகுந்துவிட்டது. பச்சை ஆப்பிள் வாடை, பீர் இன்னும் பிஞ்சு என்பதற்கு அடையாளம். வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதிக்கவைத்தது போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை காற்றுப்பட்டுப் பழசானதால் வருவது. கேட்காத புளிப்பும் வினிகர் நெடியும் வந்தால் முதல் சந்தேகம் சுத்தம் செய்யாத குழாய்மேல்தான். வாடையைப் பெயர் சொல்லி அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல ப்ரூபப் மாற்றித் தரும்.

ஒவ்வொன்றுக்கும் ஃபோனில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, பீர், தோன்றிய மணம். அடுத்த மாதம் அதே ஹெஃபவைஸனில் பழ மணம் தணிந்து கிராம்பு தூக்கலாக இருந்தால், இம்முறை குறைந்த வெப்பத்தில் நொதித்ததா என்று காய்ச்சுபவரிடமே கேட்கலாம்.