ரேகை விழவில்லை என்று மெஷினைத் திட்டும் முன்: விரல்ரேகைப் பதிவிலும் தேடலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் ரேஷன் கடையானாலும் காவல் நிலையமானாலும், ரேகை பொருந்தவில்லை என்றால் பழி முதலில் மெஷின் மேல் விழும். ஆனால் தவறுகள் அதிகம் நடப்பது இரண்டு இடங்களில்: விரல் கண்ணாடியைத் தொடும் சில நொடிகளில் ஒன்று, பொருந்தக் கூடியவர்கள் என்று மெஷின் கொடுத்த பட்டியலை மனிதர் படிக்கும்போது இன்னொன்று.

ஏஃபிஸ் எனப்படும் தானியங்கி விரல்ரேகை அமைப்பு இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதில்லை. ரேகை முடியும் இடத்தையும் இரண்டாகப் பிரியும் இடத்தையும் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அவை நிற்கும் இடம், திசை, இடைவெளியைக் கொண்டு மதிப்பெண் போடுகிறது. ரேகைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் மையால் அடைந்துபோனாலோ, தோல் உரிந்து ரேகை அறுந்துபோனாலோ, இல்லாத புள்ளிகள் முளைக்கும், இருக்கிற புள்ளிகள் காணாமல் போகும். பிறகு எந்த சர்வரும் அதைச் சரிசெய்து தராது.

பதிவு செய்யும்போது

கைதானவரின் பத்து விரல்களையும் உருட்டி எடுக்கும்போது நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக உருட்ட வேண்டும். கட்டை விரலை உடலை நோக்கியும் மற்ற நான்கை உடலைவிட்டு வெளிப்புறமாகவும் உருட்டினால் கை இறுக்கத்திலிருந்து தளர்வுக்குப் போகும், ரேகை இழுபடாது. சரியாக வரவில்லை என்று அதே இடத்தில் முன்னும் பின்னும் உருட்டுவது பெரிய தவறு. ஒவ்வொரு ரேகையும் இரட்டையாக விழும். உருட்டுவது பதிவாளரின் வேலை. விரலுக்கு உரியவர் 'உதவி' செய்ய ஆரம்பித்தால் அழுத்தம் கூடிவிடும். கையைத் தளரவிட்டு வேறு பக்கம் பார்க்கச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும். காகிதத்தில் எடுப்பவர்கள் மையை உருளையால் தேய்த்து மெல்லிய படலமாக்காமல் விரலில் அப்பிவிடுவதும் சகஜம்.

விரல்களின் வரிசை எண் வலது கட்டை விரலில் 1 என்று தொடங்கி வலது சுண்டு விரலில் 5, இடது கட்டை விரலில் 6, இடது சுண்டு விரலில் 10 என்று முடியும். உருட்டிய பதிவோடு, ஒவ்வொரு கையின் நான்கு விரல்களையும், பிறகு இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து அழுத்தி எடுக்கும் பதிவையும் கேட்பதற்குக் காரணம் இந்த வரிசையைச் சரிபார்ப்பதுதான். இரண்டும் மோதுகிறது என்று எச்சரிக்கை வந்தால், கை மாறியிருக்கிறது அல்லது ஒரே விரல் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது என்று பொருள். எச்சரிக்கையை மூடிவிட்டு நகர்ந்தால், அந்த ஆளைப் பிற்பாடு விரல் எண்ணை வைத்துத் தேடும்போது கிடைக்க மாட்டார். துண்டான விரலையும் கட்டுப் போட்ட விரலையும் ஒரே குறியீட்டில் போடுவதும் இதே வகை. முதலாவதற்கு எக்ஸ்எக்ஸ், இரண்டாவதற்கு யுபி. கட்டு அவிழ்ந்தபின் யுபி விரலை மறுபடி எடுத்தாக வேண்டும்.

தர மதிப்பெண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ரேகைப் படத்தின் தரத்தை எண்ணாகச் சொல்லும் பழைய என்எஃப்ஐக்யூ (NFIQ) அளவில் 1 என்றால் மிக நன்று, 5 என்றால் மிக மோசம். புதிய என்எஃப்ஐக்யூ 2 அளவு 0 முதல் 100 வரை, அங்கே எண் கூடக் கூட நல்லது. எந்த மென்பொருள் எந்த அளவைக் காட்டுகிறது என்று தெரியாமல் 'அஞ்சு வந்திருச்சு, ஓகே' என்று போனால், இரண்டு அளவிலுமே அது குப்பைப் பதிவு.

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் தோல். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் அரித்துவிடுகிறது. மேல்தோல் கறுத்து உரிகிறது. அடித்தோல் கெடாதவரை அதே ரேகை மறுபடி வளர்ந்துவிடும், ஆனால் சில வாரங்கள் பிடிக்கும். அதனால் ஆதார் பதிவுக்கோ புதுப்பிப்புக்கோ முந்திரி வேலை ஓய்ந்த காலத்தில் வரச் சொல்வதே புத்திசாலித்தனம். உரிந்த விரலை வலுக்கட்டாயமாகப் பதிந்துவிட்டால், தோல் வளர்ந்தபின் அந்த நல்ல ரேகையே 'பொருந்தவில்லை' என்று திரும்பும். துறைமுகத்தில் ஐஸும் உப்புத் தண்ணீரும் அளைந்துவிட்டு நேராக வருபவரின் விரல் சுருங்கியிருக்கும். துடைத்துவிட்டு அரை மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும். காய்ந்த விரலை ஈரத் துணியில் ஒற்றி எடுத்தால் போதும், எண்ணெய் தடவி அப்படியே வைக்கக் கூடாது. வெயிலில் வந்த வியர்வை விரலை ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியில் வைத்தால் விரலைச் சுற்றி ஆவி படிந்து வட்டமாகத் தெரியும். கண்ணாடியைத் துடைத்து, கையும் ஆறியபின் எடுப்பதுதான் வழி. மேலே மென்படலம் ஒட்டிய ஸ்கேனரில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் படலமே கெடலாம். தயாரிப்பாளர் குறிப்பைப் பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

சம்பவ இடத்திலிருந்து சர்வர் வரை

ஆளை நேரில் வைத்து எடுக்கும் பதிவுக்கு வழக்கமான தரம் அங்குலத்துக்கு 500 பிக்சல். சம்பவ இடத்து ரேகைக்கு 1000 பிக்சல் தேவை. படத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் ரேகையின் உண்மையான அளவு கணினிக்குத் தெரியாது. இடைவெளிகள் எல்லாம் பொய்யாகும், தேடலும் வீண். அளவுகோலை ரேகையின் அதே தளத்தில் வைத்து, கேமராவை நேர்குத்தாக நிறுத்தி எடுக்க வேண்டும். அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, அதையே இறக்கித் தேடலில் ஏற்றுவது மன்னிக்க முடியாத சோம்பல். வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், மெல்லிய ரேகைகள் முதலில் அழியும்.

கறுப்பு மேற்பரப்பில் வெள்ளைப் பவுடர் போட்டால் ரேகை வெள்ளையாகவும் பள்ளம் கறுப்பாகவும் இருக்கும். நிறத்தைத் திருப்பாமல் ஏற்றினால் கணினி பள்ளங்களை ரேகையாகப் படிக்கும். ஜெல்லில் ஒட்டி எடுத்தது கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும். இதை மறந்தால் இடப்பக்கம் சாயும் ரேகை வளையம் வலப்பக்கம் சாய்வதாகிவிடும்.

மழைக்காலத்தில் நனைந்த பைக் டேங்க்கிலும் பாட்டிலிலும் பவுடர் போட்டால் களிம்பாகிவிடும். காய விட வேண்டும், அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த நீர்மக் கரைசலைத் தெளிக்க வேண்டும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின், பிளாஸ்டிக் கவருக்கு சூப்பர் க்ளூ ஆவி. இதற்கெல்லாம் முன்பு வீட்டு ஆட்களின் ரேகையை எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பீரோ கதவிலிருந்து எடுத்த ரேகை வீட்டுக்காரருடையதா என்று பார்க்கவே வழி இருக்காது. உள்ளங்கை ரேகையைக் கேட்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஜன்னலில் ஏறியவன் விரலைவிட உள்ளங்கையைத்தான் ஊன்றியிருப்பான்.

பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட தேசிய தானியங்கி விரல்ரேகை அமைப்பான நாஃபிஸ், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கீழ் மாநிலங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தேட வைத்தது. பதியப்படும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண், அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. கடலூரிலிருந்து புதுச்சேரியின் பாகூருக்கோ முள்ளோடைக்கோ போனாலே ஆட்சி எல்லை மாறிவிடுகிறது. கைவரிசை காட்டுபவனுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. அதனால் தேடலை மாவட்டம், வயது, பாலினம் என்று வடிகட்டுவது இந்த ஊருக்குச் சற்றும் ஒவ்வாத பழக்கம். வேகமாக முடியும், ஆள் மட்டும் கிடைக்க மாட்டான். பொருத்தம் வராத ரேகையைக் கோப்பில் கட்டி வைக்காமல், தீராத ரேகைகள் பகுதியில் சேர்த்துவிட வேண்டும். நாளை வேறு வழக்கில் அவன் பதியப்படும்போது அந்தப் பகுதியோடும் ஒப்பிடப்படுவான்.

மெஷின் தருவது ஆட்களின் வரிசை. முதலிடத்தில் இருப்பவர்தான் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த பை ஒன்றின் ரேகையை அமெரிக்க எஃப்பிஐ தேடியபோது 20 பேர் பட்டியல் வந்தது. அதிலிருந்த ஓரெகன் வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டை அந்த ரேகைக்கு உரியவர் என்று நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். ஸ்பெயின் போலீஸ் பின்னர் அது வேறொருவருடையது என்று காட்டியது. கோளாறு இரண்டு: கோடிக்கணக்கான பதிவுகளில் தேடும்போது மிக ஒத்த அந்நிய ரேகை தட்டுப்படுவது இயல்பு, மேஃபீல்டின் ரேகையைப் பார்த்தபின் சம்பவ இடத்து மங்கல் படத்திலும் அதே புள்ளிகள் 'தெரிய' ஆரம்பித்தன. ஆகவே மங்கல் ரேகையின் புள்ளிகளைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே குறித்துப் பூட்டிவிட வேண்டும். இரண்டாவது நிபுணரிடம் முதல் நிபுணரின் முடிவைச் சொல்லாமல் கொடுக்க வேண்டும். சந்தேகமான புள்ளியைச் சேர்ப்பதைவிட விடுவது மேல்.

குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், 2022 பதிவை 75 ஆண்டு வைத்திருக்க இடம் தருகிறது. ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, சட்ட வழிகள் முடிந்தபின் பதிவை அழிக்க வேண்டும், நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டாலொழிய. இந்த வேலை கவனிப்பாரற்று விடுபடக் கூடியது. வழக்கு முடிந்த தேதியோடு சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

ரேஷன் கடை, இ-சேவை மையம், வருகைப் பதிவு

அடையாளம் தெரியாத உடலையோ திருட்டு ரேகையையோ 'ஆதாரில் போட்டுப் பார்க்கலாமே' என்று பலர் கேட்கிறார்கள். ஆதார் சட்டம், 2016இன் 29ஆம் பிரிவு விரல்ரேகை, கருவிழிப் பதிவுகளை எக்காரணத்துக்காகவும் யாருடனும் பகிரத் தடை விதிக்கிறது.

ஒருவர் இன்னார்தானா என்று சரிபார்ப்பதும், இவர் யார் என்று எல்லாரிலும் தேடுவதும் வேறு வேறு வேலைகள். 10,000 ஒப்பீட்டுக்கு ஒரு தவறு செய்யும் மெஷின் ரேஷன் கார்டுக்குப் போதும். அதையே 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் இருந்த 26 லட்சம் பேரில் தேட விட்டால் சுமார் 260 தவறான பொருத்தம் வரும். மலிவான வருகைப்பதிவுக் கருவியை வாங்கி எண் கேட்காமல் விரலை மட்டும் வைக்கச் சொல்லும் ஆலைகளில், ஆள் கூடக் கூட ஒருவர் வருகை இன்னொருவர் கணக்கில் ஏறுவது இதனால்தான். பணியாளர் எண்ணையும் கேட்டுவிட்டு, இரண்டு கையிலிருந்தும் ஒவ்வொரு விரலையாவது பதிந்து வைத்தால் தலைவலி குறையும்.

ரேஷன் கடையில் எப்போதும் வலது கட்டை விரலையே நீட்டுவது பழக்கமாகிவிட்டது. உழைப்பாளியின் கையில் அதிகம் தேய்ந்திருப்பது அதுதான். ஆதார் சரிபார்ப்புக்குப் பத்தில் எந்த விரலும் செல்லும். இடது கை மோதிர விரலையோ நடு விரலையோ வைத்துப் பாருங்கள். திரையில் வரும் எண்ணையும் படியுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை, விரலை மாற்றலாம். 330 என்றால் கார்டுக்காரரே ஆதாரில் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார், எத்தனை தடவை விரலைத் தேய்த்தாலும் விழாது. ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் பொருளை வாங்கிக்கொள்ளலாம்.